எதிர்வீட்டு ஏணி

"பகைவனிடமும் உதவி கேள்." மறைநூலின் இந்த ஒரு வரியிலேயே எங்கள் வீட்டு வாசிப்புக் கூட்டம் வாரக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. பகைவன் என்பது மனமா, ஆணவமா? கூடத்து பல்பு ஃப்யூஸ் போயிருந்ததால், என் கணவர் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்து விளக்கம் சொன்னார்.

நான் கல்லூரியில் நடைமுறைவாதம் கற்பிப்பவள். ஒரு கருத்தை நம்பி நடந்தால் என்ன விளைகிறதோ, அதுதான் அதன் பொருள் என்பது எங்கள் கட்சி. எனக்குப் பொறுமை போயிற்று.

"பல்பு மாத்த ஏணி வேணும். எதிர்வீட்டுல இருக்கு" என்றேன்.

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். எதிர்வீடு என் நாத்தனாருடையது. எங்கள் மகள் கல்யாணத்தில் மூண்ட சண்டைக்குப் பின் அண்ணனும் தங்கையும் முகம் பார்ப்பதில்லை.

"அந்த வரிக்கு அது அர்த்தமில்லடி!"

"போய்க் கேட்டுட்டு வந்து அர்த்தம் சொல்லுங்க."

முறைத்துக்கொண்டே போனார். திரும்பியபோது ஏணியின் ஒரு முனை அவர் தோளில், மறுமுனை நாத்தனார் தோளில். அவளே விறுவிறுவென்று ஏறிப் புது பல்பை மாட்டினாள். கூடம் பளிச்சென்றது. இருவர் கண்களும் சிவந்திருந்தன.

"அடுத்த வரி என்னண்ணா?" என்றாள் ஏணி உச்சியிலிருந்து.

"இரும்மா. இந்த வரியையே இப்பதான் படிச்சு முடிச்சேன்."