மேவிஸின் காலுக்கு ஓபலின் ஓசை

1

"அந்த அக்கா இவ்வளவு ஆடுறாங்க, சத்தத்தையே காணோமே?"

ஹாலிவுட் படப்பிடிப்புத் தளத்துக்கு அப்பாவோடு வந்த ஒரு சிறுமி கேட்டது. அப்போது நான் அங்கே விளக்கு பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டும் ஆட்டமும் வேறு வேறு நாளில் பதிவாகும். காலோசையைப் பிற்பாடு இன்னொருத்தி, திரையைப் பார்த்தபடி பலகைமேல் ஆடிப் பதிவு செய்வாள். (குழந்தைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்தக் கதைதான் பதில்.)

2

நட்சத்திர நடிகை மேவிஸ் டார்னெல், தரை புரளும் பாவாடையில் படியிறங்கி வந்து...

வேண்டாம். கதை, காலோசை கொடுக்கும் ஓபல் ஹாஸ்கின்ஸுடையது.

ஓபலை முதலில் பொறாமைக்காரியாக எழுதினேன். அடித்துவிட்டேன். போன படத்தில் மேவிஸுக்குப் பின்னால் ஆடியவர்களில் ஒருத்தியாக நின்ற ஓபல், தப்பாக அடி வைத்து மொத்த வரிசையையும் சரித்தபோது, இயக்குநர் கிராஃப் வாய் திறக்குமுன் மேவிஸ் சொன்னாள்: "நான்தான் முந்திட்டேன், கிராஃப். வயசாகுதில்ல?"

ஓபலின் வேலை தப்பியது.

"ஏன் அப்படிச் சொன்னீங்க, மிஸ் டார்னெல்?"

"என்னைத் திட்ட அவருக்குப் பயம். போய் முகத்தைக் கழுவு, மை கன்னத்துல ஓடுது."

3

இப்போது கிராஃபுக்கு அந்தப் பயம் போய்விட்டது. "மேவிஸ் முகம் இந்த டேக்லதான் அழகா இருக்கு. ஆனா ஒரு அடி தவறின மாதிரி தெரியுது. சத்தத்தோட பார்ப்பேன். தவறியிருந்தா, அடுத்த படத்துக்கு வேற ஆள்."

ஒலிப்பதிவுக்காரர் லெஸ்டர் கேட்டார்: "சாப்பிட்டியா, ஓபல்? போன தடவை உன் வயிறு மைக்ல பாடுச்சு."

"உங்க படத்துல சுருதி சேர்ந்தது அது ஒண்ணுதான்."

திரையில் பாவாடையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து ஆடிய மேவிஸின் இடது கால் தாமதமாக இறங்கியது.

4

முடிவு அ: ஓபல் கண்டதை அப்படியே தட்டுகிறாள். நேர்மைதான். என் மனம் ஒப்பவில்லை.

முடிவு ஆ: சரியான தாளத்தில் தட்டுகிறாள். கால் ஒரு பக்கம், ஓசை ஒரு பக்கம், குட்டு உடைந்துவிடும்.

ஓபல் இரண்டையும் செய்யவில்லை. லெஸ்டர் ஒலிப்பதிவுக் கருவியின் முள்ளைப் பார்த்துக் குனிந்திருந்தார். பாவாடைக்குள் மறைந்திருந்த வலது காலுக்காக ஓபல் குதிகாலால் இரண்டு சின்னத் தட்டு சேர்த்தாள். பிறகு இடது கால் இறங்கியது. தடுமாற்றம் ஒரு குறும்பாக மாறிவிட்டது.

"வேணும்னே தாளத்தைக் காக்க வெச்சிருக்கா, கெட்டிக்காரி," என்றார் கிராஃப், படம் போட்டுப் பார்த்தபோது. பக்கத்தில் மேவிஸ் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புரிந்ததா? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஓபல் போய்ச் சொல்வதாக இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் மேவிஸின் அறைக்கதவு வரை போய்த் திரும்பிவிடுகிறாள். கடவுள் மேலிருந்து பார்த்திருப்பார் என்ற நிம்மதி அவளுக்கு. நானும் வற்புறுத்தவில்லை.