மண்ணெண்ணெய் காணாத மங்கி

லெனாட்டுக்கு எது கிடைத்தாலும் றஞ்சித்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. குருநகரில் இது றஞ்சித்தின் மனைவி றஜிதாவுக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.

இருவரும் சகலன்கள். அக்காவைக் கட்டிய றஞ்சித் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறான். தங்கை டிலக்ஷியைக் கட்டிய லெனாட் கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டி ஏற்றிய சின்ன லொறியில் அச்சுவேலிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறவன். லெனாட் சீட்டுப் பிடித்தால் முதல் மாதமே அவன் பெயர் விழும். லெனாட் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் வரும். பக்கத்துக் காணியில் றஞ்சித் வெட்டிய கிணற்றில் உவர்த் தண்ணீர்தான் ஊறியது. உடுப்புத் தோய்த்தால் சவர்க்காரம் நுரைக்காது. ஒவ்வொரு தடவையும் றஜிதா தங்கை வீட்டுக்குக் குடத்தோடு போகும்போது றஞ்சித் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் லெனாட்டின் லொறி கடை வாசலில் வந்து நின்றது.

“அண்ணை, இதை ஒருக்கா வந்து பாருங்கோ. விலைப்படுமோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.”

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே கிடந்த ஈரச் சாக்கை லெனாட் இழுத்தான்.

றஞ்சித் எட்டிப் பார்த்தான். ஹொண்டா மங்கி. எழுபதுகளில் வந்த குட்டி மோட்டார் சைக்கிள். கன்றுக்குட்டி அளவில் நிற்கும். பெரிய ஆள் ஏறினால் முழங்கால் இரண்டும் காதுக்கு வரும். அதன் படம் ஒன்று றஞ்சித்தின் கடை மேசைக் கண்ணாடிக்குக் கீழே எத்தனையோ வருடமாக இருக்கிறது. இப்படி ஒன்றுக்காக அவன் கொழும்புக்குப் போயிருக்கிறான், குருநாகலுக்குப் போயிருக்கிறான். போகும் இடமெல்லாம் அவனுக்கு முன்னால் யாரோ வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

“எங்கை எடுத்தனீர்?” என்று கேட்டான். குரல் ஒழுங்காக வந்தது அவனுக்கே ஆச்சரியம்.

“அச்சுவேலியிலை, ஒரு வெங்காயக் கொட்டிலுக்குள்ளை. மேலை கோழி அடை கிடந்தது. வீட்டுக்காரர் கனடாவுக்குப் போகினமாம், பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கப்போகினமாம். பெரிய பாரை ஒண்டு பெட்டிக்குள்ளை கிடந்தது. அதைக் குடுத்து, பொக்கற்றுக்குள்ளை கிடந்த காசையும் குடுத்துத் தூக்கியந்திட்டன்.”

ஒரு பாரை மீன். றஞ்சித் லொறிக்குள் ஏறினான்.

யாழ்ப்பாணத்தில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் முதலில் குனிந்து காபரேற்றரைத்தான் பார்ப்பான். சண்டைக் காலத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. எல்லாரும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் உடனே பற்றாது. நாலு சொட்டுப் பெற்றோல் காட்டித்தான் எழுப்ப வேண்டும். அதற்காகக் காபரேற்றரின் கழுத்தில் ஒரு துளை போட்டுச் சின்னக் குழாய் வைத்தார்கள். அந்தத் துளை இருந்தால் எஞ்சின் உள்ளே உக்கிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு பூச்சுப் பூசினாலும் பாதி விலைதான்.

றஞ்சித் குனிந்து பார்த்தான். துளை இல்லை. விரலால் தடவியும் பார்த்தான். இல்லை. தூசிக்குக் கீழே பெற்றோல் தாங்கியின் சிவப்பு, கொம்பனியில் அடித்த அதே சிவப்பு. ஹாண்டிலைக் கழற்றாமலே மடக்குவதற்கான இரண்டு குமிழ்களும் அப்படியே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இலட்சம் சொல்லலாம்.

“என்ன அண்ணை, பேசாமல் நிக்கிறியள்?”

“என்னத்தைச் சொல்ல?” றஞ்சித் கையைத் துடைத்தான். “மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின்.”

“அட கடவுளே. ரெண்டாம் உதையிலை ஸ்ராட் வந்துதே.”

“சாகக் கிடக்கிற கிழவனும் கடைசியாய் ஒருக்கா எழும்பிக் கஞ்சி கேப்பான். பாரும், ஹாண்டிலும் ஆடுது.”

லெனாட் ஹாண்டிலை ஆட்டிப் பார்த்தான். குமிழ் தளர்ந்திருந்ததால் அது உண்மையிலேயே ஆடியது.

“அப்ப என்ன பெறும்?”

“முப்பதாயிரம். அதுவும் ஆரும் விசரன் வந்தால்.”

“பரவாயில்லை. பாரைக் காசு வந்திட்டுது,” என்று லெனாட் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் றஞ்சித்துக்குப் பிடிக்காதது. ஏமாந்த மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு?

உடனே ‘எனக்குத் தாரும்’ என்று கேட்டால் சந்தேகம் வரும். ஞாயிற்றுக்கிழமை லெனாட் வீட்டில் சாப்பாடு. அன்றைக்கு, பாவம் பார்த்து எடுப்பதுபோல் எடுத்துவிடலாம் என்று றஞ்சித் கணக்குப் போட்டான். லெனாட் தேத்தண்ணி குடிக்கப் போன இடைவெளியில் தன் போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டான்.

அந்தப் படத்தை அவன் தன்னோடு வைத்திருந்திருக்கலாம். மானிப்பாயில் பிரகலாதன் என்று ஒருவர் இருந்தார். வங்கி மனேஜர். பழைய வண்டிகள் சேர்க்கிறவர். குருநாகலில் றஞ்சித்துக்கு முன்னால் போய் மங்கியைத் தூக்கியவர் அவர்தான். ‘நான் ஒன்று கண்டுபிடித்துவிட்டேன்’ என்று எழுதிப் படத்தை அவருக்கு அனுப்பினான் றஞ்சித். அவர் வயிறு எரிய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை லெனாட்டின் வளவில் மங்கியைக் காணவில்லை.

“எங்கை அந்தக் குட்டிச் சாமான்?” என்று கேட்டான் றஞ்சித், நண்டுக் குழம்பைப் பிசைந்தபடி, அக்கறை இல்லாதவன்போல்.

“கோயிலுக்குக் குடுத்தாச்சு அத்தான்,” என்றாள் டிலக்ஷி. “அந்தோனியாருக்கு ஒரு நேர்த்திக்கடன் கிடந்தது. வாற கிழமை பெருநாள் ஏலத்திலை போடுவினம்.”

றஞ்சித் நண்டு ஓட்டை அப்படியே கடித்துவிட்டான்.

பெருநாளன்று காலையில் அவன் அலுமாரியைத் திறந்தபோது றஜிதா கதவடியில் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, முப்பதாயிரம் பெறுமெண்ட சாமானுக்கு ஏன் கடைக் கூரைக்கு வைச்ச காசை எடுக்கிறியள்?”

“கோயில் காரியம். கையிலை கொஞ்சம் கிடக்கட்டும்.”

“உங்கடை பக்தி எனக்குத் தெரியாதே,” என்றாள் அவள். சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள்.

றஞ்சித்துக்கு ஒரு தைரியம் இருந்தது. கோயில் ஏலத்தில் எதுவும் அதன் விலைக்குப் போகாது. ஒரு சேவல் ஆட்டு விலைக்குப் போகும். ஒரு கட்டு முருங்கைக்காயை எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, மறுபடி ஏலத்துக்கே திருப்பிக் கொடுப்பார். ஆகவே அவன் கூட்டிக் கேட்டால் அது பக்தி. பொய்யைப் பக்தியால் மூடிவிடலாம். யாரும் ஐம்பதாயிரத்தைத் தாண்டமாட்டார்கள்.

பூசை முடிந்து, அந்தோனியாரின் சுருவத்துக்கு மாலை போட்டு, பந்தலுக்குள் ஏலம் தொடங்கியது. கோயில் கமிற்றியின் செல்வரட்ணம் ஒலிவாங்கியோடு நின்றார். வாழைக்குலை போயிற்று. கேக் போயிற்று. பிறகு நாலு பேர் மங்கியைத் தூக்கி மேசையில் வைத்தார்கள்.

“லெனாட்டின்ரை நேர்த்தி,” என்றார் செல்வரட்ணம். “ஓடத் தெரிஞ்சவை ஓடிக்கொண்டு போகலாம். தெரியாதவை இடுப்பிலை வைச்சுக்கொண்டு போகலாம். கேளுங்கோ.”

“இருபதாயிரம்,” என்றான் றஞ்சித்.

“ஒரு நிமிஷம்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பிரகலாதன். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாத காற்சட்டை. றஞ்சித் அனுப்பிய படத்தின் மூலையில் லொறியின் பின்கதவும் விழுந்திருந்தது. அதில் லெனாட்டின் போன் நம்பர் எழுதியிருந்தது. அவர் எடுத்துக் கேட்டிருக்கிறார். ‘ஏலத்துக்கு வாங்கோ ஐயா’ என்று லெனாட் தாராளமாகக் கூப்பிட்டிருக்கிறான்.

பிரகலாதன் மேசையடிக்கு வந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துக் காபரேற்றரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “மண்ணெண்ணெய் காணாத எஞ்சின்.”

அதோடு நின்றாரா? இரண்டு குமிழ்களையும் திருகினார். ஹாண்டில் இரு பக்கமும் ஆட்டின் காதுபோல் மடங்கி விழுந்தது. பந்தல் முழுக்க ஒரு ‘ஆ’ எழுந்தது.

லெனாட் திரும்பி றஞ்சித்தைப் பார்த்தான். கோபம் இல்லை. கணக்கு விளங்காத பிள்ளையின் பார்வை.

“இரண்டு இலட்சம்,” என்றார் பிரகலாதன்.

இப்போது பேசாமல் இருந்தால் றஞ்சித்துக்கு ஒரு வழி இருந்தது. ‘பார்த்ததில் பிழை விட்டுவிட்டேன்’ என்று சொல்லலாம். கடைக்குக் கொஞ்சம் கெட்ட பெயர், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் பொய் சொன்னவன் என்பது ஊருக்கே வெளிச்சம். இதெல்லாம் அவனுக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் அதே நேரம் பிரகலாதன் மானிப்பாய் வீதியில் அந்தச் சிவப்புத் தாங்கியோடு போவது கண்ணில் தெரிந்தது.

“இரண்டரை,” என்றான்.

“என்ன றஞ்சித்,” என்றார் செல்வரட்ணம் ஒலிவாங்கியிலேயே. “முப்பதாயிரம் எண்டு நீர்தானே மதிச்சனீராம்?”

பந்தல் சிரித்தது.

“கோயிலுக்குத்தானே,” என்றான் றஞ்சித். காது இரண்டும் சுட்டன.

“மூன்று,” என்றார் பிரகலாதன்.

“மூன்றரை.”

பெண்கள் பக்கத்தில் றஜிதா எழுந்து நின்றாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாலு, நாலரை, ஐந்து. ஒவ்வொரு தடவை வாய் திறக்கும்போதும் அந்த முப்பதாயிரம் இன்னும் சிறுத்தது. ஆறு என்று பிரகலாதன் சொன்னதும் “ஆறரை” என்று கத்தியது தன் குரல்தான் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிரகலாதன் கையை விரித்தார். “அவரே வைச்சுக்கொள்ளட்டும். அது தன்ரை விலையைத் தாண்டிப் போயிட்டுது.”

ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். கைதட்டினார்கள். பாதர் ஒலிவாங்கியை வாங்கி, இவ்வளவு பெறுமதியான பொருளை மனமுவந்து கோயிலுக்குக் கொடுத்த லெனாட்டை ஆசீர்வதித்தார். ஏலம் எடுத்தவன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார்.

லெனாட் வந்து றஞ்சித்தின் கையைப் பிடித்தான். இப்போது கேட்கப்போகிறான், கேட்கட்டும் என்று றஞ்சித் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, ஒண்டு சொல்லட்டே. அண்டைக்கு நீங்கள் அஞ்சு இலட்சம் எண்டிருந்தால் நான் குடுத்திருக்கமாட்டன். சத்தியமாய் மனம் வந்திராது. நீங்கள் அப்பிடிச் சொன்னபடியால்தான் நேர்த்தி முடிஞ்சது.”

றஞ்சித் அந்த முகத்தில் குத்தலைத் தேடினான். இருந்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை.

மங்கியை வெளியே இறக்கினார்கள். முழுச் சனமும் சுற்றி நின்றது. றஞ்சித் ஏறி உதைத்தான். எழும்பவில்லை. மறுபடி உதைத்தான். வேர்த்தது. சேட்டு முதுகில் ஒட்டியது. சோக்கை இழுத்தான், விட்டான், உதைத்தான். யாரோ பின்னால், “கொஞ்சம் மண்ணெண்ணெய் காட்டிப் பாருங்கோ,” என்றார்கள். மறுபடி சிரிப்பு.

“இறங்குங்கோ அண்ணை, நான் ஒருக்காப் பாப்பம்,” என்றான் லெனாட்.

ஒரே உதை. தேனீக்கூட்டைக் கலைத்ததுபோல் அது பாடத் தொடங்கியது. சனம் மறுபடி கைதட்டியது. யாருக்கு என்று றஞ்சித் பார்க்கவில்லை.

அவன் முழங்கால் காதுவரை வர வீட்டுக்குப் புறப்பட்டான். றஜிதா பின்னால் ஏற மறுத்துவிட்டாள்; தங்கையோடு நடந்து வருகிறாளாம். மீன்சந்தையடியில் கூடை வைத்திருந்த பெண் ஒருத்தி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

“லெனாட் தம்பி கோயிலுக்குக் குடுத்த சைக்கிள் உதோ?”

“ஓம்,” என்றான் றஞ்சித்.

அடுத்த ஒழுங்கையிலும் அதே கேள்வி. அதற்கடுத்த ஒழுங்கையில் யாரும் கேட்கவே இல்லை. ‘லெனாட்டின்ரை மங்கி போகுது’ என்று தாங்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

வேகமாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அவன் முறுக்கினான். கடைசிவரை முறுக்கினான். அந்தக் குட்டி அதற்குமேல் ஓடாது.