பதினான்கு தாள்

அறுநூற்றுப் பத்தாம் பக்கத்தில் அரசி குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். புரட்டினால் அறுநூற்று முப்பத்தொன்பது. அரசனுக்குத் தாடி வளர்ந்திருந்தது. அரசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் மதியம் மன்னார்குடியில் ஃபாஜிலின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

மந்திரவாதிகளும் டிராகன்களும் வரும் ஆங்கில நாவல் அது. தொள்ளாயிரம் பக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து இப்படிப் புத்தகங்கள் படிப்பது கல்லூரியில் தொடங்கியது: நான், பின்னாளில் என் மனைவியான இசைவாணி, ஃபாஜில், எழில்மொழி. ஒரே பிரதிதான் வாங்குவோம். ஃபாஜில் அதை நாலாக வெட்டி, ஒவ்வொரு பாகத்துக்கும் ஸ்பைரல் போட்டுவிடுவான். படிக்கும்போது தோன்றுவதைப் பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். கடையில் கூடும்போது அதை வைத்துத்தான் சண்டை. இசைவாணி வேகமாகப் படிப்பாள். எந்தப் பாகமும் அவளிடமிருந்துதான் எங்களுக்கு வரும்.

மூன்றாம் பாகத்தை அவள் முடித்த அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. போன திங்கள்கிழமைதான் அந்தப் பாகத்தை ஃபாஜிலிடம் கேட்டு வாங்கினேன்.

கடையில் எழில்மொழியும் இருந்தாள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு அன்று அரைநாள்.

"கதைல எங்க மாப்ள இருக்க, கோட்டைக்கு வந்துட்டியா?" என்றான் ஃபாஜில்.

"பதினாலு தாள் இல்லை."

அவன் எழில்மொழியைப் பார்த்தான். அவள் ஸ்டேப்ளரைப் பார்த்தாள்.

"ஸ்பைரல் மாத்தும்போது விழுந்திருக்கும்டா."

"வரிசையா பதினாலா?"

"கண்டுபிடிச்சிடுவான்னு அப்பவே சொன்னேன்," என்றாள் எழில்மொழி.

"எடுக்கச் சொன்னதே நீதான்."

"ரெண்டு பக்கத்தை எடுன்னேன். நீ அத்தியாயத்தையே உருவிட்ட."

"ரெண்டு பக்கத்துலயா சாவறா அவ? இருபத்தெட்டுப் பக்கம் சாவறா." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அரசி சாகிறாள். இதற்குத்தானா. எட்டு மாதமாக இவர்கள் இப்படித்தான். என் முன்னால் ஆஸ்பத்திரி என்று சொல்வதில்லை. காய்ச்சல் என்று சொல்வதில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது.

"அரசி செத்தா எனக்கென்ன? அந்தத் தாள்ல இசை எழுதியிருப்பா. எங்க அது?"

ஃபாஜிலின் முகம் மாறியது. "அதை யோசிக்கலடா," என்றான். மெஷினுக்குப் பின்னால் கழிவுக் காகித மூட்டைகள் இரண்டு இருந்தன. "இதுலதான் போட்டேன். நாளைக்கு ஆள் வந்து எடுத்துட்டுப் போயிடுவான்."

மூட்டைகளைத் தரையில் கொட்டினோம். கறுப்படித்த ஆதார் நகல்கள், வினாத்தாள்கள், கோணலாக விழுந்த கல்யாணப் பத்திரிகைகள். சிட்டா நகல் எடுக்க ஒரு அம்மா வந்தார்.

"கரண்ட் இல்லீங்க," என்றான் ஃபாஜில் தரையிலிருந்தே.

"ஃபேன் ஓடுதே தம்பி."

"அது வேற லைனுங்க."

அவர் கொஞ்சநேரம் ஃபேனைப் பார்த்துவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரம் ஆனது. பதிமூன்று தாள் கிடைத்தது. ஒன்று கடைசிவரை கிடைக்கவில்லை. அதில் அவள் எழுதியிருந்தாளா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் படித்திருக்கிறார்கள், இருந்தும் நினைவில்லை.

கிடைத்ததை நின்றபடியே படித்தேன். அரசிக்கு அம்புக் காயம். வைத்தியர்கள் வருகிறார்கள். டிராகன் அழுகிறது. அறுநூற்று இருபத்து மூன்றாம் பக்க ஓரத்தில் இசையின் கையெழுத்து, சாய்வாக: "எவ்வளவு நேரம்தான் சாவா இவ? சோறு வடிக்கணும் எனக்கு."

வேறெங்கும் எழுதவில்லை.

எழில்மொழி எட்டிப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன்.

"எதைப் பத்தி?"

"அத்தியாயத்தைப் பத்தி."

கொஞ்சம் தயங்கினாள். "இழுவைதான் பரிதி. டிராகன் அழுவுறதெல்லாம் ஓவர்."

"எனக்கு அப்படித் தோணலை. அவசரமா முடிச்சிட்டான்."

"இருபத்தெட்டுப் பக்கம் அவசரமாடா?" என்றான் ஃபாஜில்.

"அரசன் கடைசியா அவகிட்ட என்ன பேசினான்? ஒண்ணுமே இல்லை. வைத்தியர் வந்து சொல்றார், முடிஞ்சிடுச்சு."

ஃபாஜில் பென்சிலை நீட்டினான். இசையின் வரிக்குக் கீழே எழுதினேன்: "இல்லை. இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம்."

எழில்மொழி பென்சிலை வாங்கினாள். யோசித்து, அதற்கும் கீழே எழுதினாள்: "இசை சொன்னதுதான் சரி."

"தப்பு," என்றேன்.

"எப்படித் தப்பு, சொல்லு," என்றாள். ஃபாஜில் காகிதங்களை ஒதுக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.