இரவல் கொடுத்த படம்

டாரல்வேல் கலைக்கூடத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊரே திரண்டு வந்திருந்தது. பத்து வருஷமாக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார்கள். கூரையில் நுரையீரலைக் கெடுக்கிற அஸ்பெஸ்டாஸ், சுவரில் ஓதம், ஆள் வருவதில்லை என்று மூன்று காரணம் சொல்லி, கலைக்கூடம் இருக்கிற அந்தப் பழைய வெண்ணெய் ஆலையை ஊர்க் கவுன்சில் இழுத்து மூடுகிறது. வாசலில் தீயணைப்புப் படைக்காரர்கள் சாசேஜ் சுட்டு ரொட்டியில் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கெய்லீன் அழ வரவில்லை. மகனைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

அந்த மகன், ஜாரட், செத்து ஆறு வருஷம். பால் பண்ணையில் வேலை முடித்து சைக்கிளில் வந்தவனை, கால்பந்து கிளப்பில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு வண்டியோட்டி வந்த ஒருவன் அடித்துப் போட்டான். அவன் பெயர் வாரிக். ஊரில் கடைப் பலகை எழுதுகிறவன். அதற்கு முந்தின வருஷம்தான் அதே வாரிக் அதே ஜாரட்டை உட்கார வைத்துப் பெரிதாக ஒரு படம் வரைந்து, கலைக்கூடத்தில் மாட்டக் கொடுத்திருந்தான். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், கையில் பாதி கடித்த, இறைச்சி அடைத்த மீட் பை, முகம் கொள்ளாத சிரிப்பு. அப்படியொரு ஜாரட் எந்தப் போட்டோவிலும் கிடையாது. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பிள்ளை அவன்.

வாரிக் ஜெயிலுக்குப் போனான், வந்தான். படத்தைக் கழற்றிவிடலாமா என்று கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் டெல் அப்போதே கேட்டாள். கெய்லீன் கூடாது என்றுவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை. மூலையில் அவன் கையெழுத்து இருக்கிறதே, அந்தப் பெயரை எப்படி வீட்டுக்குள் விடுவது? இங்கே சுவரும் பொது, பெஞ்சும் பொது. வாரம் தவறாமல் வந்து அரை மணி நேரம் உட்காருவாள். பெற்ற பிள்ளை மேலேயிருந்து அவளைப் பார்த்துச் சிரிப்பான். அதை வைத்துத்தான் அடுத்த ஏழு நாளையும் ஓட்டினாள்.

இப்போது சுவரே போகிறது. கையெழுத்து இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

"கண்ணு, கொஞ்சம் இப்படி வாயேன்," என்று டெல் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஒரு சிக்கல்."

"என்ன, கூரை இன்னிக்கே விழுதா?"

"விளையாடாத. அந்தப் படம் நம்மளது இல்ல. நானும் இத்தனை நாளா நம்மளதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். நேத்துப் பேப்பரை எடுத்துப் பாத்தா இரவல்னு இருக்கு. குடுத்தவங்க கையிலதான் திருப்பிக் குடுக்கணும்."

"அவன்கிட்டயா?"

"உனக்கே குடுத்துடறேங்கறான். ஆனா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். பின்னாடி ரூம்ல நிக்கிறான், முன்வாசல் வழியா வர மூஞ்சி இல்ல."

ஒரே ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கிற ஊரில் அவன் ஜெயிலிலிருந்து வந்த நாளாய் அவன் கண்ணில் படாமல் காலம் தள்ளியவள் கெய்லீன். டெல்லோடு பின்னறைக்குள் போனாள்.

படத்தை நாற்காலிமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாரிக். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"கெய்லீன், என் கையெழுத்த அழிச்சிட்டுத் தரேன். பெயின்ட் கொண்டாந்திருக்கேன். ரெண்டு நிமிஷ வேலை."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் மனதில் அரித்துக்கொண்டிருந்தது இவனுக்கு எப்படித் தெரிந்தது? சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் கண் படத்தின் மேல் போனது.

ஜாரட்டை அவள் இவ்வளவு கிட்டத்தில், நேருக்கு நேராகப் பார்த்ததே இல்லை. அவன் அவளைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் நகர்ந்தாள், அந்தப் பக்கம் நகர்ந்தாள். அவன் பார்வை இடது பக்கம், கொஞ்சம் கீழே, வரைகிறவன் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றது.

"எதுக்குச் சிரிக்கிறான்?"

"என்ன?"

"நீ ஏதோ சொல்லியிருக்க. அதுக்குத்தான் இப்படிச் சிரிக்கிறான். என்ன சொன்ன?"

வாரிக் படத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வெளியே யாரோ மைக்கில் நன்றி சொல்ல, கைதட்டல் கேட்டது.

"ஞாபகம் இல்ல."

"யோசி."

"யோசிக்காமலா இருப்பேன்? உள்ள இருந்தப்ப அதைத்தான் யோசிச்சேன். வரவே இல்ல." தொப்பியைக் கசக்கினான். "அன்னிக்கும் குடிச்சிருந்தேன், கெய்லீன்."

"அடப் பாவி," என்றாள் டெல்.

கெய்லீன் மறுபடி படத்தைப் பார்த்தாள். பிள்ளையைத்தான் கொன்றான் என்றால், அவனுடைய சிரிப்பையும் குடித்துத் தொலைத்திருக்கிறான். வாரிக் பெயின்ட் டியூபை எடுத்தான். "அழிச்சிடட்டா?"

"தொடாத. நீயே கொண்டு போ."

"ஐயோ, வேணாம். இதை வீட்ல வச்சிக்கிட்டு என்னால முடியாது."

"சாப்பிடுற மேசைக்கு எதிர்ல மாட்டு. என்ன சொன்னன்னு ஞாபகம் வர்ற வரைக்கும் பாரு. வந்தா வந்து சொல்லு. வீடு தெரியும்ல?"

"கண்ணு, அவசரப்படாத," என்றாள் டெல். "அப்புறம் நீ எங்க போய்ப் பாப்ப?"

அவள் திரும்பி நடந்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். டெல் கேட்டது அப்போதுதான் உறைத்தது.

பின்வாசலிலிருந்து வாரிக் வந்தான். வண்டி ஓட்ட அவனுக்கு இனி ஆயுசுக்கும் அனுமதி இல்லை. படத்தை முதுகில் சாய்த்து, கையைப் பின்னால் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, குனிந்தபடி பிரதான வீதியில் நடந்தான். சாசேஜுக்கு நின்ற வரிசை வழிவிட்டது. ஜாரட் அவன் முதுகில் இருந்தபடி ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

ஓடிப்போய்க் கேட்டால் வாரிக் கொடுத்துவிடுவான். கெய்லீன் கதவுப் பிடியில் கை வைத்தாள். கை அங்கேயே இருந்தது. தீவனக் கடை வளைவு வரைக்கும் பிள்ளையின் முகம் தெரிந்தது. அதற்கப்புறம் தெரியவில்லை.