பெடல் எந்தப் பக்கம்

மத்தியானத் தூக்கத்துல நான் பை தைப்பேன். எட்டு மாசமா இதான் நடக்குது. புக்கிட் பாஞ்சாங் வீட்டு ஹால்ல ஃபேன் சுத்தும், கண்ணு சொருகும், என் வலது கால் பெடலை மிதிக்கும். பச்சைக் கேன்வாஸ், சாம்பல் கேன்வாஸ்னு பை பையா வந்து மடியில விழும். அவசரமே இருக்காது. முழிச்சுப் பார்த்தா மடியில ஒண்ணும் கிடையாது. வலது பாதம் தரையில படுதா இல்லையான்னு குனிஞ்சு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

எட்டு மாசத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கால் விழுந்தப்ப, தேக்கா மார்க்கெட் மேல்மாடியில என் தையல் கடையில ஒரு கல்யாணப் பொண்ணுக்கு பிளவுஸ் அளவு எடுத்துக்கிட்டு இருந்தேன். இருபத்திரண்டு வருசம் தச்ச கடை, விட்டாச்சு. இனிமே நாள் முழுக்க நின்னு யாரையும் அளக்க முடியாது. பைக்கு அந்தத் தொல்லை இல்ல, உட்கார்ந்த இடத்துலயே தைக்கலாம். அதுக்குப் பழைய ஃபேக்டரி தையல் மெஷின் ஒண்ணு வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னேன். நிஜமாவே ஒத்தைக் கால்தான். “கால் எப்படி இருக்கு வெரோ?”ன்னு என் வீட்டுக்காரர் லியோனல் தினம் கேட்பார். “தேவலை”ம்பேன். பச்சைப் பொய். சொல்லிக்கிட்டே இருந்தா காலும் ஒரு நாள் நம்பிடும்னு ஒரு நப்பாசை.

பழைய மெஷின் விக்கிற கடை, ஒரு ஃபேக்டரி கட்டடத்துல ஆறாவது மாடி. நடத்துறது ருக்சார்னு ஒரு பொண்ணு, முப்பது வயசு இருக்கும், சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. வெளிய மழை சத்தமில்லாம பெஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஜன்னல் வெளிச்சத்துல பஞ்சுத் தூசி மிதந்துச்சு. அதுக்குக் கீழ வரிசை வரிசையா மெஷின், எல்லாம் தலையைக் குனிஞ்சு அசந்து தூங்கின மாதிரி. நானும் இன்னும் முழிக்கலையோன்னு சந்தேகம் வந்துச்சு.

லியோனல் ஒரு சின்ன மெஷினைக் காட்டினார். “இது போதும்லா. பெடலே வேணாம், பட்டனை அமுக்கினா தைக்கும்.”

நான் வீட்டுல இருந்து கொண்டுபோன கேன்வாஸை எடுத்தேன். கடையில குடுக்கிற மெல்லிசுத் துணியில எல்லா மெஷினும் சமர்த்தாத்தான் தைக்கும். பையில வார் சேர்ற இடத்துல எட்டு மடிப்பு வரும். அங்கதான் வண்டவாளம் தெரியும். சின்னது அஞ்சாவது மடிப்புலயே ஊசியை ஒடிச்சுக்கிச்சு. “போதுமா?”ன்னேன். மனுசன் ஒடிஞ்ச ஊசியைப் பொறுக்கினார்.

அடுத்தது ஒரு பழைய பூதம். சுவிட்சைப் போட்டதுமே மோட்டார் முனகுச்சு. காலை லேசாத்தான் வச்சேன்னு நினைச்சேன். அது துணியைப் பிடுங்கிக்கிட்டு ஓடுச்சு, விரல் தப்பிச்சது தெய்வாதீனம். “மெஷின் சரியில்ல”ன்னேன். மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு.

மூணாவது சாம்பல் நிறம். மிதிச்சாத்தான் இதுக்கு சத்தமே வரும். ருக்சார் சக்கரத்தைக் கையால சுத்திக் காட்டினா. மெஷின் துணியை மேலயும் கீழயும் பிடிச்சு, எட்டு மடிப்பையும் நிதானமா நடத்திக் கூட்டிட்டுப் போச்சு. இதுதான்னு மனசு சொல்லிடுச்சு. என் பச்சைப் பையெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குன்னு தோணுச்சு. உட்கார்ந்து மிதிச்சேன். நகரலை. குனிஞ்சு பார்த்தா என் பாதம் பெடலுக்குப் பக்கத்துல கிடக்கு. எடுத்து வச்சேன். மறுபடி நழுவிடுச்சு.

ருக்சார் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு மேஜைக்கு அடியில நுழைஞ்சா.

“என்னம்மா பண்றே?”

“பெடலை இடது பக்கம் தள்றேன் ஆன்ட்டி. ரெண்டு நட்டுதான்.”

“உன்னை யாரு கேட்டா?”

என் குரல் எனக்கே நாராசமா இருந்துச்சு. ஆனா அவளுக்கு என்ன தெரியும்? பெடலை இடது பக்கம் மாத்தினா, வலது கால் வராதுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அதுக்கா எட்டு மாசம் பொய் சொன்னேன்?

லியோனல் ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்துல உட்கார்ந்தார். “வெரோ, மத்தியானம் நீ தூங்குறப்ப நான் பார்ப்பேன். காலை ஆட்டிக்கிட்டே இருப்பே, தைக்கிற மாதிரி.”

“ஆமா, வலது காலு.”

“இல்லம்மா. அது அசையவே அசையாது. இடதுதான் மிதிக்கும்.”

எட்டு மாசமா இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் தேவலைன்னு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டியிருக்கார்.

ருக்சார் அதுக்குள்ள பெடலை இடது பக்கம் தள்ளியிருந்தா, நட்டை மட்டும் இன்னும் இறுக்கலை. செருப்பைக் கழட்டிட்டு இடது பாதத்தை வச்சேன். பெடலோட சில்லிப்பு உள்ளங்கால்ல ஏறுச்சு. தையல் கோணல் மாணலாத்தான் போச்சு. கத்துக்குட்டி தையல், என் கடையில ஒருத்தி இப்படித் தச்சிருந்தா திட்டியிருப்பேன். ஆனா எட்டு மடிப்புக்கு முன்னாடி நிறுத்தணும்னு நினைச்சேன், நின்னுச்சு. போகணும்னு நினைச்சேன், போச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. சந்தோசம்னு சொல்ல மாட்டேன். ஒரு காலை வழியனுப்பி வச்ச அழுகை. லியோனல் என் முதுகுல கையை வச்சுக்கிட்டு மழையைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

ருக்சார் அடியிலயே காத்திருந்தா. அங்கிருந்தே தலையை நீட்டிக் கேட்டா. “ஆன்ட்டி, நட்டைக் கொஞ்சம் லூசா விடவா? அந்தக் கால் சரியாச்சுன்னா நீங்களே திருப்பி மாத்திக்கலாம்.”

“வேணாம்மா. நல்லா இறுக்கிடு”ன்னேன்.