நாலாவது சரணம்

நீல கவுன் சுழல்கிறது, செசிலின் கை நோராவின் இடுப்பில் இருக்கிறது, மேடையில் கிடாரோடு நிற்கும் லெஸ்லி கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான், போத்தனூர் ரயில்வே காலனி நடனக் கூடத்தில் கடைசிப் பாட்டுக்கு எவனோடு ஒரு பெண் ஆடுகிறாளோ அவன்தான் அவளை வீடுவரை கொண்டுபோய் விட வேண்டும், எழுதாத சட்டம் அது, பாடுகிறவனுக்கு மட்டும் ஜோடி கிடையாது, ஒரு சனிக்கிழமையாவது இறங்கி வா மேன், எத்தனை நாள் நான் அடுத்தவன் கூட வீட்டுக்குப் போறது என்று நோரா முந்தின வாரமே கேட்டிருந்தாள், அதற்கு இந்தப் புத்திசாலி என்ன செய்தான், இறங்காமல் அவளுக்காகவே ஒரு பாட்டுக் கட்டினான், மூன்று சரணத்தில் ஆசை அடங்காமல் நாலாவதும் சேர்த்தான், அவளைப் புகழ்ந்து இவன் நீட்ட நீட்ட, செசில் அவளை விடாமல் ஆடிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதமே அவர்களுக்குக் கல்யாணம், பிறகு கப்பலேறி ஆஸ்திரேலியாவில் பெர்த், இவனுக்கோ அதே பாட்டுதான் சோறு போட்டது, ஊட்டி ஹோட்டல், பெங்களூர் பார், கல்கத்தா, ப்ளூஸ் கேட்டால் அதையே கம்பியை வளைத்து அழவைத்துப் பாடுவான், கன்ட்ரி கேட்டால் அதையே ரயில் வேகத்தில் ஓட்டுவான், எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை, விழித்தால் எந்த ஊர் என்று தெரியாது, கனவிலும் மேடைதான், எங்கே போனாலும் கூட்டம் நாலாவது சரணத்தைக் கேட்கும், பாடும்போதெல்லாம் வயிறு எரியும்.

ஐம்பது வருஷம் கழித்து அதே கூடம், பழைய காலனிக்காரர்கள் ஒன்றுகூடும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசிப் பாட்டுக்கு முன்னால் நரைத்த நோரா மேடையருகே வருகிறாள், விஷயம் தெரியுமா மேன், நாலாவதுலதான் செசில் என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டான், மூணோட நீ முடிச்சிருந்தா அந்தப் பயந்தாங்கொள்ளி வாயே திறந்திருக்க மாட்டான் என்று சிரிக்கிறாள், இன்னைக்காவது மூணோட நிறுத்து, அவனுக்கு முழங்கால் வலி.

நிறுத்தினான், செசில் நொண்டிக்கொண்டே நாற்காலிக்குப் போய்விட்டான், நடுக்கூடத்தில் நோரா தனியாக நிற்கிறாள், கையை நீட்டுகிறாள், வா மேன், பாட்டுதான் முடிஞ்சிருச்சே என்கிறாள், மூன்றே படி, இறங்கேண்டா, இதற்குத்தானே இத்தனை வருஷம் தவித்தாய் என்று லெஸ்லி தன்னையே திட்டுகிறான், கூடம் முழுக்க அவனையே பார்க்கிறது, கிடாரைக் கழற்றத்தான் கையைத் தூக்கினான், நாலாவதை ஆரம்பித்துவிட்டான்.