அப்பாவுக்கு முன் சீட்

"அப்பா, எழுந்திருங்க. வீட்டுக்குப் போலாம்."

காலிக் கட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முள்மரக் கிளையை மெத்தையின் மேல் ஒருமுறை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள் தோகோசிலே. புதன்கிழமை இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அப்பா கண்ணை மூடினார். உடல் முன்னாலேயே சொந்த ஊரான ம்சிங்காவுக்குப் போய்விட்டது, நாளைக்கு அடக்கம். அவர்கள் குல வழக்கப்படி, உயிரைக் கிளையில் ஏற்றி வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது மகள் பொறுப்பு.

வழி முழுக்க அவரோடு மட்டும்தான் பேச வேண்டும். வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை பேசினாலும் போச்சு, அவர் அங்கேயே இறங்கி நின்றுவிடுவார். "இவளா வாயை மூடிக்கிட்டு வருவா? இவ விக்கிற கோழி கூட இவளைவிடக் கம்மியாத்தான் கத்தும்!" என்று சொந்தபந்தம் சிரித்தது. சிரிக்கட்டுமே! கோழி வியாபாரிக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு நடக்குமா?

வீட்டுக்குப் போகும் முன் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. "வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. நேரா வண்டி வாங்கப் போறோம். நான் பார்க்காம எதையும் வாங்கிடாதே" என்று படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டிருந்தார் அப்பா. அந்த வெள்ளிக்கிழமை இன்றைக்குத்தான். ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஏறி இறங்காத பழைய வண்டிக் கடை இல்லை. எதைக் காட்டினாலும் அப்பா ஒரு குறை சொல்லுவார். இன்றைக்கு விட்டால், நாளைக்குச் சாவு வீட்டில் ஆளுக்கொரு செலவு சொல்லிப் பணத்தைக் கரைத்துவிடுவார்கள். கோழிக் கூண்டோடு அவள் மறுபடி வாடகை வண்டிக்காரன் காலைப் பிடிக்க வேண்டியதுதான்.

பணம் இருந்தது துணைக்கு வந்த பெக்கி சித்தப்பாவின் சட்டைக்குள். சித்தப்பாவோ கடைக்குள் நுழைந்ததுமே ஒரு சிவப்பு வண்டியின் முன்னால் வாயைப் பிளந்து நின்றுவிட்டார்.

"குதிரை, பெரியவரே, குதிரை!" என்றான் கடைக்காரன் சிபூசோ. "பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடும்!"

"அடேயப்பா! சீட்டைப் பாரு தோகோ, மெத்தை மாதிரி!" சித்தப்பாவின் கை சட்டைக்குள் போனது.

வேண்டாம் என்று கத்த வந்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சட்டென்று கிளையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"அப்பா, உங்க தம்பி லட்சணத்தைப் பார்த்தீங்களா? வர்ணத்தைப் பார்த்து மயங்கிட்டாரு. இதுக்குள்ள ஒரு கூண்டாவது நுழையுமா?"

சிபூசோ திரும்பினான். கிளையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "மன்னிக்கணும் ஐயா. நீங்க வந்திருக்கறது தெரியல."

அவள் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தாள். அடியில் காய்ந்த சேறு.

"பாருங்கப்பா, சேறு. வெள்ளத்துல முங்கின வண்டியான்னு நீங்களே அவர்கிட்ட கேளுங்க."

சிபூசோ தரையைப் பார்த்தான். "உங்க முன்னாடி எப்படி ஐயா பொய் சொல்லுவேன்? முங்கினதுதான்."

சித்தப்பாவின் கை வெறுமனே வெளியே வந்தது.

"அப்ப நல்ல வண்டி எதுன்னு கேளுங்கப்பா!"

மூலையில் நின்ற வெள்ளை அவான்சா வண்டியைக் காட்டினான். கதவில் ஒரு நசுங்கல், மேலெல்லாம் தூசி. "மூஞ்சி சுமார்தான் ஐயா. ஆனா ஒரு டீச்சரம்மா ஓட்டினது. பெட்ரோல் குடிக்காது, வழியில படுக்காது."

பானெட்டைத் தொட்டாள், சில்லென்றிருந்தது; முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் கிளம்பியது. புகை இல்லை. பின் சீட்டுகளை மடக்கினாள்.

"அப்பா, உங்க தம்பியைப் படுக்கச் சொல்லுங்க."

"என்னது? பேரன் எடுத்தவன் நான்!"

"அண்ணன் சொல்றாரு பெரியவரே, படுங்க" என்றான் சிபூசோ.

பனைமர உயரச் சித்தப்பா முனகிக்கொண்டே படுத்தார். கால் நீட்டியும் இடம் மிச்சம் இருந்தது.

"அப்பா! நாலு கூண்டு! மேல தீவன மூட்டை வேற போடலாம்பா!" குதித்தே விட்டாள். குதித்துவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தாள். டயரைப் பார், கதவைப் பார் என்று இந்நேரம் ஆரம்பித்திருப்பாரே.

"ஒரு குறை சொல்லுங்கப்பா" என்றாள் மெதுவாக.

கிளை பேசாமல் இருந்தது.

கையெழுத்தெல்லாம் முடிந்ததும் முன் சீட்டில் கிளையை வைத்துப் பெல்ட் மாட்டினாள். சித்தப்பாவுக்குப் பின் சீட். "உயிரோட இருந்தப்பவும் முன் சீட்டு அண்ணனுக்குத்தான்" என்று அவர் முணுமுணுத்தார்.

ஊர் வரைக்கும் ஓயாமல் பேசினாள். "அப்பா, பாலம் தாண்டறோம், வாங்க. பெட்ரோல் முள்ளு இறங்கவே இல்லை பாருங்க, அப்படியே நிக்குது! பிரேக் எப்படிப் பிடிக்குது பாருங்க!" இத்தனை நேரம் அப்பா அவளைக் குறுக்கிடாமல் கேட்டதே இல்லை.

வீட்டு வாசலில் பந்தல் தெரிந்தது. சொந்தக்காரர்கள் எழுந்து நின்றார்கள். வந்துட்டோம், இறங்குங்க என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கப்புறம் ஊர் உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் பேசலாம், அவரோடு தவிர.

வண்டி வாசலைத் தாண்டியது.

"ஏய், வீடு போச்சு! எங்க போறே?" என்று சித்தப்பா கத்தினார்.

தோகோசிலே கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினாள்.

"அப்பா, அந்த மேட்டுல எப்படி ஏறுதுன்னு மட்டும் பார்த்துட்டு வந்துடலாம்."